குமரன் வரும் வழி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைய நகரம் ஒன்றையும் அதன் திருவிழாவையும் பற்றி இவ்விழாவில் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். உண்மையில் இப்பொருளைத் தந்தவர்கள் நம் காலனிப் பிள்ளைகளே. படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் ஜெர்மனி நாடு சென்றுள்ள அவர்களுள் சிலர், 2023-ஆம் ஆண்டுக் கோடையில் பவேரியா மாநிலத்து லாண்ட்ஸ்ஹூட் என்னும் பழம்பதியில் நடந்த விழாவைக் கண்டு, படங்களும் செய்திகளும் அனுப்பினர். அப்படங்கள் நம் வீடுகளில் கைமாறி வலம் வந்ததை நீங்கள் அறிவீர்கள். "இத்தகைய விழா நம் நாட்டில் உண்டோ?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தான். அவ்வினாவை மனத்திற்கொண்டே சென்ற நவராத்திரிக்கு முன்னர் யாம் எழுவர் பத்மநாபபுரம் சென்று வந்தோம்.

முதலில் அந்த ஜெர்மன் நகரத்து விழாவைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1475-ஆம் ஆண்டில், அந்நகரிலிருந்து அரசாண்ட கோமகன் லுட்விக்கின் மைந்தன் கெயோர்க் என்பானுக்கும், போலந்து மன்னன் காசிமிரின் மகள் ஹெட்விக் என்னும் இளவரசிக்கும் அங்கே திருமணம் நடந்தது. பேரரசன் மூன்றாம் பிரெடெரிக்கே நேரில் வந்திருந்தான். விருந்தின் பொருட்டு முந்நூற்றுக்கு மேற்பட்ட எருதுகள் அறுபட்டன என்று பழங்கணக்குகள் பேசுகின்றன. (சைவ உணவினர் இவ்விடத்தில் சற்றே செவியை மூடிக்கொள்வார்களாக!) பின்னர் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அத்திருமணம் ஏடுகளில் மட்டுமே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர மன்றத்துப் பெருங்கூடத்தின் சுவர்களில் அம்மண ஊர்வலத்தை ஓவியமாகத் தீட்டினர். ஓவியத்தைக் கண்டவர்களுக்கு, அதை வீதியில் உயிருடன் நடத்திக் காட்டினால் என்ன என்ற ஆசை பிறந்தது. அதற்கென்றே ஒரு சங்கம் கண்டு, 1903-இல் முதன்முறையாக நடத்தினர்.

இந்நாளில் அது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடைபெறுகிறது. 2000-க்கும் மேற்பட்ட நகர மக்கள் பழங்கால உடை பூண்டு வீதியில் வருகின்றனர். பொய்முடி அணிவது கூடாது என்பது விதி. ஆதலால் ஆடவர் பல மாதங்களுக்கு முன்பே முடி வளர்க்கத் தொடங்கிவிடுகின்றனர். மணப்பெண்ணின் பெயரும் அவள் வந்த நாடும் அந்நகரத்துச் சிறுவர்க்கும் தெரியும் என்று நம் பிள்ளைகள் எழுதியிருந்தனர். இவ்வளவு உழைப்பையும் ஒழுங்கையும் யாம் மனமாரப் போற்றுகின்றோம். 2021-இல் நடக்க வேண்டிய அவ்விழா, கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2023-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை உண்டு.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நாம் வாழும் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே 50 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், தக்கலைக்கு அருகே உள்ளது பத்மநாபபுரம். முன்னாளில் கல்குளம் என வழங்கிய அவ்வூருக்கு இப்பெயரை இட்டவர் மார்த்தாண்ட வர்மர். வேணாட்டுக்கும் பின்னர் திருவிதாங்கூருக்கும் தலைநகராய் விளங்கிய அவ்வூர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தருமராஜா காலத்தில் அச்சிறப்பை இழந்தது. அரசு திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது, அரண்மனை நின்றது. கருங்கற் கோட்டையும், மரத்தால் இழைத்த மாளிகைகளும், முகம் பார்க்கலாம் போன்ற கரிய தளங்களும் இன்றும் காண்போரை வியக்கச் செய்கின்றன. தேங்காய்ச் சிரட்டைக் கரியையும் சுண்ணாம்பையும் பிறவற்றையும் கூட்டி அத்தளத்தை அமைத்தனர் என்பர். எம்முடன் வந்த அம்மையார் ஒருவர், "நம் வீட்டுச் சிமெண்டுத் தளம் பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லையே!" என்று பெருமூச்செறிந்தார்.

அரசு பெயர்ந்தபோது பெயராதவள் ஒருத்தி உண்டு. அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தை ஒட்டிய கோவிலில் எழுந்தருளியுள்ள கலைமகளே அவள். தேவாரக்கட்டுச் சரசுவதி என்பது அவள் திருப்பெயர். கம்பநாடர் வழிபட்ட திருமேனி அது என்றும், தம் இறுதிக் காலத்தில் அவர் அதனைச் சேர மன்னன் ஒருவனிடம் ஒப்படைத்து, நவராத்திரிப் பூசையை விடாது நடத்துமாறு வேண்டினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வரலாற்று ஆசிரியர் இதற்குச் சான்று கேட்பர்; கேட்கட்டும். தமிழ்ப் புலவன் ஒருவன் தந்த அடைக்கலப் பொருள் என்று நம்பியே ஒரு நாட்டார் ஒரு தெய்வத்தைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகின்றனர் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமின்றிக் கண்கூடு.

தலைநகர் மாறிய பின்னர், நவராத்திரிப் பூசையின் பொருட்டு அவள் ஆண்டுதோறும் திருவனந்தபுரம் எழுந்தருளி மீள்வது வழக்கமாயிற்று. துணைக்கு இருவர் உடன் வருகின்றனர். ஒருவன் வேளிமலைக் குமாரசுவாமி. மற்றொருத்தி சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. நங்கை முதல் நாளே தன் ஊரிலிருந்து புறப்பட்டுப் பத்மநாபபுரம் சேர்கிறாள். குமரனின் கோவில் அருகிலேயே, வேளிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வள்ளியை அவன் மணந்த இடம் இதுவே என்பது அவ்வூராரின் உறுதியான கொள்கை. ஆண்டுதோறும் பங்குனியில் அத்திருமணம் அங்கு நடக்கிறது, குறவர் படுகளமும் உண்டு. அத்திருமணம் எந்த ஆண்டில் முதலில் நடந்தது என்று எவரும் கணக்கு வைத்திருக்கவில்லை!

புறப்பாட்டு நாளின் காலையில் நடக்கும் சடங்கு ஒன்றை உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் பழைய அரசரின் உடைவாள் ஒன்று காக்கப்பட்டு வருகிறது. மூர்த்திகளுக்கு முன்னர் அவ்வாள் செல்ல வேண்டும். இப்போது முடியரசு இல்லை. ஊர் தமிழ்நாட்டில், ஆயினும் அரண்மனையைக் காப்பது கேரளத் தொல்லியல் துறை. மூர்த்திகளின் கோவில்களோ தமிழ்நாட்டு அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ளன. ஆகவே, தொல்லியல் துறையினர் எடுத்துக் கொடுக்க, கேரள அரசின் சார்பில் வந்தோரும் தமிழ்நாட்டு அரசின் சார்பில் வந்தோரும் வாளைக் கைமாற்றி, ஊர்வலத்தின் முன் செல்வோரிடம் சேர்ப்பிக்கின்றனர். வெள்ளை வேட்டியும் கதர்ச் சட்டையும் அணிந்த குடியரசுக் காலத்துப் பெருமக்கள் முடியரசுக் காலத்து வாளை இரு கையாலும் ஏந்தி நிற்பது முதற் பார்வைக்குச் சற்று விந்தையாகவே தோன்றும். எம்மில் இளையவர் ஒருவர் சிரித்தும் விட்டார். ஆனால் சுற்றிலும் நின்ற ஊர் மக்களின் முகங்களைப் பார்த்தபோது சிரிப்பு அடங்கியது. அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். மகளை வழியனுப்ப வந்தவர்கள். முதியவள் ஒருத்தி யானைமீது அமர்ந்த கலைமகளை நோக்கி, "பத்திரமா போயிட்டு வா அம்மா" என்று உரக்கவே சொன்னாள்.

கலைமகள் யானைமீதும், குமரனும் நங்கையும் பல்லக்குகளிலும் புறப்பட்டனர். முதல் நாள் இரவு குழித்துறை மகாதேவர் கோவிலில் தங்கல். மறுநாள் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோவிலில் தங்கல். மூன்றாம் நாள் மாலை திருவனந்தபுரம். யாம் முழுத் தொலைவும் நடந்தோம் என்று சொல்லமாட்டோம். முழங்கால்கள் இடம் தரவில்லை. நடந்த அளவில் கண்டதைச் சொல்கின்றோம். வழிநெடுக வீட்டு வாயில்களில் நீர் தெளித்துக் கோலமிட்டு, விளக்கேற்றி, தட்டில் பூவும் பழமும் தேங்காயும் வைத்துக் காத்திருந்தனர். சில கிலோமீட்டர் சென்றதும் தட்டுக்குப் பக்கத்தில் நெல் நிறைத்த பறை தோன்றத் தொடங்கியது. மேலும் செல்லச் செல்லத் தட்டு குறைந்து பறை மிகுந்தது. எந்த இடத்தில் தமிழ் வழக்கம் முடிந்து மலையாள வழக்கம் தொடங்கியது என்று சுட்டிக் காட்ட எம்மால் இயலவில்லை.

எல்லைக் கோடோ திட்டமாக இருக்கிறது. களியக்காவிளையில் அது நம்மை எதிர்கொள்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதன் பின்னே எவ்வளவு போராட்டம் இருந்தது, 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் எத்தனை வீடுகளில் அழுகுரல் எழுந்தது என்பதையெல்லாம் நம் முதியோர் நன்கறிவர். அந்த இணைப்பை நாம் விரும்பினோம். ஆனால் நம்மிற் பலருடைய வீடும் கடையும் வேலையும் கோட்டுக்கு இப்பால் அமைந்துவிட்டன. பிறந்த ஊர் அப்பக்கம், பிழைக்கும் ஊர் இப்பக்கம் என்னும் நிலை அன்றிலிருந்து நமக்கு வாய்த்தது. கலைமகளுக்கும் அதே நிலைதான்! உறையும் கோவில் தமிழ்நாட்டில். ஒன்பது நாட் கொலு கேரளத்தில்.

அந்த 1956-க்குப் பிறகு இவ்வூர்வலம் நின்றிருக்கலாம். "எங்கள் கோவில் மூர்த்திகளை வேற்று மாநிலத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்?" என்று ஒரு பக்கத்தார் கேட்டிருக்கலாம், "எங்கள் பூசைக்கு எங்கள் மண்ணிலேயே ஒரு திருமேனி செய்துகொள்வோம்" என்று மறுபக்கத்தார் சொல்லியிருக்கலாம். நின்ற பின்னர் ஐம்பது ஆண்டு கழித்து, நகரத்தார் சிலர் கூடி, பழைய ஓவியங்களைப் பார்த்து, சாயம் தோய்த்த உடைகளை அணிந்து, லாண்ட்ஸ்ஹூட் நகரத்தார் செய்தது போல் அதை மீண்டும் நடத்தியும் காட்டியிருக்கலாம். அந்நிலை நேரவில்லை. எல்லையில் கேரளத்தார் வரிசையோடு நின்று வரவேற்றனர். காவலர் மரியாதை அணிவகுத்தனர். தமிழ்நாட்டுக் காவலரும் உடன் நின்றனர். ஆற்று நீருக்கும் பிறவற்றுக்கும் வழக்காடிக் கொள்ளும் இரு அரசுகள், ஆண்டுக்கொரு முறை ஒரு பெண் தெய்வத்துக்காக இங்ஙனம் ஒன்று கூடுவதை யாம் நெடுநேரம் பேசிக்கொண்டு நடந்தோம்.

முன்னர் நினைவில் வைக்குமாறு சொன்ன செய்திக்கு இப்போது வருவோம். பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டிலும் இம்மூர்த்திகள் வந்தனர். திரளும் ஆரவாரமும் இல்லை, கட்டுப்பாடுகள் பல இருந்தன, எனினும் வந்தனர். நான்கு ஆண்டுக்கொரு முறை நடத்திக் காட்டும் விழாவை இரண்டு ஆண்டு தள்ளிவைக்கலாம்; அதில் குறை ஒன்றுமில்லை. நவராத்திரியைத் தள்ளிவைக்க யாராலும் இயலாது.

திருவனந்தபுரத்தில் கரமனையைக் கடந்து கிழக்குக் கோட்டையை அடைந்தபின் மூவரும் பிரிகின்றனர். கலைமகள் கோட்டைக்கு உள்ளே நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருக்கிறாள். அங்கு ஒன்பது மாலையும் இசை வழிபாடு. சுவாதித் திருநாள் மன்னர் இயற்றிய ஒன்பது கீர்த்தனங்கள், நாளுக்கு ஒன்றாக, வகுத்த இராகங்களில் பாடப்பெறுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என்று சென்று, ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறைவு பெறும். முள்ளமூடு பாகவதர்களின் தோடயத்தோடு தொடங்குவது மரபு. மண்டபத்தின் மேற்புறத்தில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பது ஒலி நயத்துக்கென்று சொல்வர். பாடி முடித்ததும் கைதட்டல் இல்லை. சபைகளில் மூச்சு விடுமுன் கைதட்டும் நமக்கு அந்த அமைதி முதலில் கூச்சத்தையே தந்தது.

இம்மண்டபத்தில் மரபு கல்லாய் உறைந்து கிடக்கிறது என்று எண்ணிவிட வேண்டா. இங்கே நெடுங்காலமாக ஆடவரே பாடி வந்தனர். 2006-ஆம் ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் அவர்கள், தம் 81-ஆம் வயதில், இங்குப் பாடிய முதற் பெண்மணி ஆனார். பாறசாலை எங்கிருக்கிறது? களியக்காவிளையைத் தாண்டியதும், கலைமகள் வரும் அதே பாதையில் இருக்கிறது. இவ்வூரின் இசைக் கல்லூரி தொடங்கிய காலத்திலேயே மாணவியாய்ச் சேர்ந்து, ஆசிரியையாய் உயர்ந்து, பலரை ஆளாக்கிய அந்த அம்மையார், தம் ஊர் வழியே வரும் கலைமகளின் முன்னே பாட அத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது! தாமதம் என்று வருந்துவதா, நேர்ந்ததே என்று மகிழ்வதா? எமக்கு இரண்டும் தோன்றின. 2021-இல் அவர் மறைந்தார். 1475-ஐ அப்படியே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் லாண்ட்ஸ்ஹூட் நகரத்துக்கு உண்டு. அங்கே ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்தால் பிழையாகிவிடும். இங்கே பூசை நடந்துகொண்டே இருப்பதால், அரசன் நின்ற இடத்தில் அமைச்சர் நிற்கலாம். பாடகர் இருந்த இடத்தில் பாட்டியார் அமரலாம்.

முன்னுதித்த நங்கை செந்திட்டைப் பகவதி கோவிலில் தங்குகிறாள். வேளிமலைக் குமரன் தங்குமிடம் எது? நம் ஆரியசாலைத் தேவி கோவில்! இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம்.

ஆரியசாலை நம்மவர் வாழ்வோடு எவ்வாறு பின்னியது என்பதை விரிக்க வேண்டியதில்லை. தருமராஜாவின் திவானாய் விளங்கிய ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி இது. அவரும் இன்றைய குமரி மாவட்டத்தில் பிறந்தவரே. பலசரக்கும் துணியும் பாத்திரமும் விற்று, கணக்கெழுதி, மூட்டை சுமந்து, நம் முன்னோர் இங்கு வேரூன்றினர். இன்றும் விடியுமுன் தோவாளைப் பூக்கூடைகள் அதே பாதையில் வந்து சாலைத் தெருவில் இறங்குகின்றன. வலியசாலைக் கோவில் பக்கமே பழைய காந்தளூர்ச் சாலை என்று ஆய்வாளர் சிலர் கூறுவதையும், அச்சாலையை இராசராச சோழன் கல்வெட்டுகள் குறிப்பதையும் நாம் பெருமையோடு பேசிக்கொள்கிறோம். பேசட்டும். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சோழனைப் பற்றி இவ்வளவு அறிந்த நம் பிள்ளைகளிடம், ஆண்டுதோறும் நம் தெருக்கோடிக்கு வரும் குமரன் எவ்வூரான் என்று இவ்விழாவுக்கு முன்னர் வினவிப் பார்த்தோம். ஒருவன் பழனி என்றான். ஒருத்தி திருச்செந்தூர் என்றாள். ஒருவன் இணையத்தில் தேடிச் சொல்லட்டுமா என்றான். வேளிமலை என்றவர் ஒருவர்தாம், அச்சிறுமியின் பாட்டியார் தக்கலைக்காரர். போலந்து நாட்டு மணப்பெண்ணின் பெயரை அங்குள்ள சிறுவர் அறிவர் என்று சொன்னோமே, அதை இதனோடு ஒட்டி எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளை நோவதில் பயனில்லை. ஊர்வலம் வரும் மாலையில் நாம் என்ன செய்கிறோம்? மாடியிலிருந்து கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். போக்குவரத்து நின்றுவிட்டதே என்று முணுமுணுக்கிறோம். வழியில் யாம் கண்ட குழித்துறை வீட்டார், மூர்த்தி வரும் நேரம் அறிந்து, அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிவிட்டு, வாயிலில் நின்றனர். அவர்கள் வீட்டு முன் மூர்த்தி நிற்பது சில நொடி. நமக்கோ ஒன்பது நாள் விருந்தாளி. அவனைச் சுமந்து வந்தவர்களும் உடன் வந்தவர்களும் நம்மூர்ப் பேச்சுப் பேசும் நம்மூர்க்காரர்கள். மூன்று நாள் நடந்து கால் வீங்கி வருகின்றனர். அவர்களுள் ஒருவரிடம், "ஆரியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டே, பழக்கம் உண்டா?" என்று கேட்டோம். "கடைக்காரங்க தெரியும், வீட்டுக்காரங்க யாரும் தெரியாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

விசயதசமி அன்று குமரன் வெள்ளிக் குதிரை ஏறிப் பூஜைப்புரைக்குச் செல்கிறான். அங்கே பள்ளிவேட்டை நடக்கும். மாலையில் ஆரியசாலைக்கு மீள்கிறான். மறுநாள் நல்லிருப்பு, அதாவது பயணத்துக்கு முந்திய ஓய்வு. அதற்கும் மறுநாள் மூவரும் கூடி, வந்த வழியே, நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் தங்கித் தங்கிப் பத்மநாபபுரம் திரும்புகின்றனர். வரும்போது இருக்கும் கூட்டம் போகும்போது இருப்பதில்லை. யாம் இவ்வாண்டு அந்தக் காலையிலும் கரமனைப் பாலம் வரை உடன் சென்றோம். பாலத்தருகே சுமப்பவர் ஒருவர் எம்மைத் திரும்பிப் பார்த்து, "அடுத்த வருசம் வீட்டுக்கு வாறேன், காப்பி போட்டு வையுங்க" என்றார்.

இதன் பொருட்டுச் சங்கச் செயற்குழு செய்துள்ள ஏற்பாட்டை அறிவிக்குமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். வரும் நவராத்திரி முதல், குமரனோடு வரும் அன்பர்களுக்கு நல்லிருப்பு நாளின் நண்பகல் உணவை நம் காலனி வீடுகள் முறைவைத்து அளிக்கும். சாம்பாரும் அவியலும் பாயசமும் போதும். முந்நூறு எருதுகள் தேவையில்லை. புறப்பாட்டுக்கு முதல் நாள் தக்கலை செல்ல ஒரு பேருந்து அமர்த்தப்படும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்து வரலாம். குழித்துறை வரை நடக்க விரும்புவோர் காலணிக்கும் குடைக்கும் தாமே பொறுப்பு. பெயர் கொடுக்க விரும்பும் இல்லத்தார் இன்று இரவு உணவுக்கு முன் செயலாளரிடம் கொடுக்கலாம். ஜெர்மனியிலிருந்து வினா எழுப்பிய பிள்ளை விடுமுறைக்கு வருவதாக எழுதியிருக்கிறான். அவன் பெயரை யாமே முதலில் எழுதிவிட்டோம்.